கம்பெனி சாதனம்

2023 அக்டோபர் 13 ராத்திரி அக்கா மகன் போனில் கூப்பிட்டான். அவன் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான். ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அவன் அம்மையிடம் நான் ஏதாவது சிபாரிசு பண்ண வேண்டியிருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. "மாமா, நம்ம கம்பெனி ஜெயிச்சாச்சு" என்றான். மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற வீடியோ கேம் கம்பெனியை வாங்கி முடித்த நாள் அது. 6,870 கோடி டாலர். அமெரிக்காவில் கோர்ட்டு, இங்கிலாந்தில் போட்டி ஆணையம் என்று 21 மாதம் இழுத்த விவகாரம். பையனுக்கு அப்போது வயது 13. வீட்டில் மைக்ரோசாஃப்ட்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் கிடையாது. அத்தான் துபாயில் இருந்து கொண்டுவந்த ஒரு பழைய லேப்டாப், அதுவும் சார்ஜரைக் கழற்றினால் அணைந்துபோகும். இவனுக்கு எந்த வகையில் அது நம்ம கம்பெனி என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஆனால் அந்த "நம்ம" மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

நான் யோக்கியன் மாதிரிப் பேசக்கூடாது. 2001 ஜனவரி 31 அன்று சேகா என்ற ஜப்பானியக் கேம் கம்பெனி, இனிமேல் கன்சோல் என்கிற டிவி கேம் கருவி செய்வதில்லை, ட்ரீம்காஸ்ட்டோடு முடிந்தது என்று அறிவித்தது. சில மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த கம்ப்யூட்டர் இதழில் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் முகம் வாடி நடந்தவன் நான். ட்ரீம்காஸ்ட்டைக் கண்ணால் கண்டதில்லை. சேகாவின் எந்தக் கருவியும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை. ஊரில் சாவு விழுந்த மாதிரி இருந்தது, யார் வீட்டுச் சாவு என்று சொல்லத்தான் தெரியவில்லை.

எங்கள் பக்கம் "கம்பெனி" என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. கல்குளம், விளவங்கோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கள்சந்தையில் மிக்ஸி ஜார் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் பைக்குக்கு பிரேக் ஷூ வாங்கினாலும், கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்து, விலை கூடியதைத் தொட்டு, "இது கம்பெனி சாதனமாக்கும்" என்பார். சாதனம் என்றால் பொருள். கம்பெனி என்றால் அசல். மற்றது டூப்ளிகேட். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கம்பெனி என்றாலே போதும், நம்பலாம். இந்த அர்த்தத்தோடு வளர்ந்தவனுக்குக் கம்பெனியைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதிப் பார்க்கிறேன்.

ஜுபைல் பெட்டி

1994 கிறிஸ்மஸுக்கு என் தாய்மாமா சவூதியில் இருந்து லீவுக்கு வந்தார். ஜுபைலில் பைப் ஃபிட்டர். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒருத்தர் கடலுக்குப் போனால், ஒருத்தர் கடல் தாண்டிப் போயிருப்பார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருந்து வாடகை ஜீப்பின் மேல் கயிறு கட்டி வந்த அட்டைப் பெட்டியில் மாமா பெயரும் ஊர்ப் பெயரும் மார்க்கரால் கொட்டை எழுத்தில் இருந்தன. நிடோ பால்பொடி, டாங், கோடாலித் தைலம், புலி படம் போட்ட கம்பளி. எல்லாவற்றுக்கும் அடியில், கம்பளி மடிப்புக்குள், ஒரு டிவி கேம். "கம்பெனி சாதனமாக்கும் மக்கா, பாத்து களிக்கணும்" என்று மாமா அதை என் கையில் தந்தார். வெள்ளையும் சிவப்பும் கலந்த பிளாஸ்டிக். இரண்டு ரிமோட். மஞ்சள் நிறத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ், அதன் மேல் "9999999 இன் 1" என்று எழுதியிருந்தது. தொண்ணூற்று ஒன்பது லட்சத்துச் சொச்சம் கேம். நானும் பக்கத்து வீட்டுக் கூட்டுக்காரனும் பட்டியலில் இறங்கிப் பார்த்தோம். ஐந்தாறு கேம்தான், பெயரை மாற்றி மாற்றி, வேறு வேறு கட்டத்தில் இருந்து தொடங்குகிற மாதிரி அடுக்கியிருந்தார்கள். மனம் விட்டுப்போகவில்லை. அந்த ஐந்தாறில் ஒன்று கான்ட்ரா, இன்னொன்று மரியோ. வேறென்ன வேண்டும்?

அது கம்பெனி சாதனம் இல்லை என்று எனக்குத் தெரியப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. 1889-இல் கியோட்டோவில் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து பிழைக்கத் தொடங்கிய நின்டெண்டோ, 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கருவியை வெளியிட்டது. மாமா வாங்கி வந்தது அதன் நகல். நிறம் நகல், 60 பின் கார்ட்ரிட்ஜ் வாய் நகல், உள்ளே இருந்த சில்லும் நகல். பெட்டியில் எழுதியிருந்த பெயருக்கும் கியோட்டோவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மாமாவிடம் இதை ஒருநாள் சொன்னேன். சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்பம் அந்தக் கடைக்காரன் எங்கிட்ட கம்பெனி விலையில்லா வாங்கினான்" என்றார். அவருக்கு அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. விளையாடிய எங்களுக்கு இல்லை.

கான்ட்ராவில் மூன்று உயிர்தான். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று தலைப்புத் திரையில் அழுத்தினால் 30 உயிர். இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடி கிடைக்கவில்லை. இன்டர்நெட் இல்லை, கேம் பற்றிய புத்தகம் இல்லை. குறும்பனையில் ஒரு பையனுக்குத் தெரியும், அவன் முட்டத்தில் ஒருத்தனிடம் படித்தான், அவ்வளவுதான் வரலாறு. பூசை ஜெபம் மாதிரி வாயால் சொல்லிக்கொண்டே அழுத்துவோம். 2020 பிப்ரவரியில் கசுஹிசா ஹாஷிமோட்டோ இறந்துபோனார் என்று செய்தி வந்தபோதுதான் அந்த ஜெபத்துக்கு ஒரு ஆசிரியர் இருந்தார் என்று தெரிந்தது. கான்ட்ராவைச் செய்த ஜப்பானியக் கம்பெனியான கொனாமியில், கிரேடியஸ் என்ற கேமை ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். கேம் அவருக்கே கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாக இந்தக் குறுக்குவழியை வைத்துக்கொண்டார். வெளியிடும்போது எடுக்க மறந்துபோனது. 1986-இல் ஒருவர் மறந்ததை எட்டு வருஷம் கழித்துக் குளச்சல் பக்கத்தில் இரண்டு பையன்கள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்து ஜப்பானியக் கம்பெனிகள் பல, கேம் செய்தவர்களின் சொந்தப் பெயரைத் திரையில் போட விடவில்லை. பெயர் தெரிந்தால் அடுத்த கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். பட்டப்பெயர் மட்டும் வரும். அமெரிக்காவில் அட்டாரி என்ற கேம் கம்பெனியிலும் இதே கதைதான். வாரன் ராபினெட் என்பவர் தன் பெயரை அட்வென்ச்சர் கேமுக்குள் ஒரு ரகசிய அறையில் ஒளித்துவைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். இன்னும் நான்கு பேர், செய்த கேமுக்குப் பெயரும் இல்லை பங்கும் இல்லை என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்து, 1979-இல் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கேம் செய்தவரின் பெயரை அட்டையிலேயே போட்டார்கள். அந்தக் கம்பெனியின் பெயர்தான் ஆக்டிவிஷன். கம்பெனி என்ற ஒன்றுக்கு எதிராகத் தொடங்கிய கம்பெனி. 44 வருஷம் கழித்து அதை வேறொரு கம்பெனி 6,870 கோடி டாலருக்கு வாங்கியதைத்தான் என் மருமகன் "நம்ம கம்பெனி ஜெயிச்சாச்சு" என்றான். மூன்று மாதம் கழிந்து, 2024 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட்டின் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அவன் போன் வரவில்லை. மே மாதம், ஹை-ஃபை ரஷ் என்ற கேமைச் செய்த, மைக்ரோசாஃப்ட்டின் கையில் இருந்த டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கேம் அவனுக்கு உயிர். அன்றைக்கும் போன் வரவில்லை, நானே கூப்பிட்டேன். "தெரியும் மாமா" என்று மட்டும் சொன்னான். பிறகு ஒரு கொரியக் கம்பெனி டேங்கோவை எடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம்.

மணிக்கு 15 ரூபாய்

2003-இல் நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்தேன். வடசேரியில் பஸ் இறங்கிக் காலேஜுக்குப் போகும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு 15 ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் ரோட் ரேஷ், ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி. எல்லாம் திருட்டு சி.டி. அதைத் திருட்டு என்று நினைக்கவே எங்களுக்குத் தோன்றவில்லை. அசல் சி.டி. என்று ஒன்று விற்கும் கடையை நாங்கள் பார்த்ததே கிடையாது. ஐ.ஜி.ஐ.-யில் நடுவில் சேவ் பண்ண முடியாது. ஒரு மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க் கடைசிக் காவல்காரன் சுட்டால் முதலில் இருந்து. அடுத்த 15 ரூபாய்க்குப் பரோட்டாக் காசை எடுக்க வேண்டும். கடைக்கார அண்ணன் அந்தக் கேமை விரும்பியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது படுகிறது.

அந்தக் கேமைச் செய்தது நார்வேயில் இன்னர்லூப் என்ற சின்னக் கம்பெனி. நாங்கள் தடுப்புக்குள் உட்கார்ந்து அந்தக் கேமின் ராணுவ முகாம்களைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்த அதே 2003-இல் அது மூடப்பட்டது. சேகாவுக்கு முகம் வாடிய எனக்கு இது தெரியவே இல்லை. எங்கள் 15 ரூபாயில் ஒரு பைசா ஓஸ்லோவுக்குப் போனதில்லை. நாங்கள் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்றெல்லாம் சொல்லவரவில்லை, அவ்வளவு பெரிய ஆள் இல்லை நாங்கள். ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி நிற்கிற மாதிரி இருக்கும். வேலைக்குப் போய்க் கையில் காசு வந்தபிறகு எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்குவது என்று முடிவெடுத்தேன். நல்ல பிள்ளையாகிவிட்டேன். நான் சொல்ல வந்த சங்கதி அங்கேதான் தொடங்குகிறது.

காலை 5.30

கான்ட்ராக் கூட்டுக்காரன் குவைத்துக்குப் போய்விட்டான். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் "பின்ன? வேற என்ன?" என்று ஆகிவிடும். ஆண்கள் பேச்சு அப்படித்தான். 2017-இல் இரண்டு பேரும் போனில் ஒரு ஃபுட்பால் கேமை ஏற்றினோம். எங்கள் கடற்கரையில் கிரிக்கெட்டுக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் பந்துக்கு. நான் எங்கள் ஊர் கிளப்பின் பெயரையே அணிக்கு வைத்து, அதே நீல ஜெர்சி போட்டேன். அவன் பக்கத்து ஊர்ப் பெயரை வைத்தான், வேண்டுமென்றே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று ஆட்டம். ஒவ்வொரு ஆட்டமும் பத்து நிமிஷம். நல்ல கோல்கீப்பருக்காக நான் காசு கொடுத்தேன், அவனும் கொடுத்தான். ஆறு வருஷத்தில் என் கணக்கு பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். பெண்டாட்டி இதைப் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன். ஆட்டத்துக்கு நடுவே திரையின் ஓரத்தில் சின்னச் சின்னதாகச் செய்தி போட்டுக்கொள்வோம். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது, எனக்கு மாற்றல் வந்தது, அவன் மகளுக்குப் பல் முளைத்தது, எல்லாம் கார்னர் கிக்குக்கு முன்னால் கிடைத்த நேரத்தில் பேசியவை.

எந்தக் கம்பெனியின் கேம் என்று எழுதப்போவதில்லை. புதிதாக வேறொன்றை இறக்குகிறார்கள், பழையதை நிறுத்துகிறார்கள், நன்றி என்று இரண்டு பத்தி அறிவிப்பு வந்தது. சர்வர் அணையும் நேரம் உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு 12. நம் ஊருக்குக் காலை 5.30. குவைத்துக்கு அதிகாலை 3. கடைசியாக மூன்று ஆட்டம் ஆடிவிடுவது என்று பேசிக்கொண்டோம். அன்றைக்கு நான் ஊரில் அம்மை வீட்டில் இருந்தேன். அறைக்குள் சிக்னல் கிடைக்காது என்று நாலரை மணிக்கே எழுந்து மொட்டை மாடிக்குப் போனேன். கடல் இருட்டாகக் கிடந்தது. தூரத்தில் வள்ளங்களின் வெளிச்சம் மட்டும் பொட்டுப் பொட்டாக. முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன், இரண்டாவது அவன். மூன்றாவது தொடங்கும்போது மணி 5.22. இரண்டு பேருக்கும் தெரியும் முடியாது என்று. இருந்தும் ஆடினோம். 2–1 என்று அவன் முன்னால் இருந்தான். என் ஆள் பந்தை வலது ஓரமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். கோயிலில் முதல் பூசைக்கு மணி அடித்தது. நீல ஜெர்சி ஓடுகிற வாக்கிலேயே நின்றது. கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் இணைப்பு இல்லை என்ற வரி, அதன் கீழே "மீண்டும் முயற்சி" என்ற பொத்தான். இருபது தடவையாவது அழுத்தியிருப்பேன்.

கூட்டுக்காரன் அன்றைக்கு மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினான்: "அது நான் ஜெயிச்சது." ஆட்டம் முடியவில்லை, செல்லாது என்று நான் எழுதினேன். மொத்தக் கணக்கில் யார் முன்னால் என்று அடுத்த சண்டை. ஆறு வருஷம், தொள்ளாயிரத்துக்குக் குறையாத ஆட்டம். ஒவ்வொன்றின் தேதியும் கோலும் அந்தக் கேமுக்குள் ஒரு பக்கத்தில் இருந்தது. நான் ஒன்பதோ பத்தோ ஆட்டம் முன்னால் இருந்தேன் என்று எனக்கு ஞாபகம். அவனுக்கு வேறு ஞாபகம். எடுத்துக் காட்ட இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை. 1994-இல் கான்ட்ரா ஸ்கோரும் சுவிட்சை அணைத்தால் போய்விடும். அது தெரிந்துதான் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்போம். அப்போது பத்து வயதில் இருந்த புத்தி இப்போது இல்லாமல் போனது எப்படி? கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம். கம்பெனி சாதனமல்லவா.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபம் ஒன்றுமில்லை. பேச இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

ஒத்தியும் பாட்டமும்

அந்த வாரம்தான் வாழ்க்கையில் முதன்முறையாக, சம்மதம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் அந்த நீள ஒப்பந்தத்தைப் படித்தேன். நான் வாங்கியது எதுவும் என்னுடையது இல்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பயன்படுத்த அனுமதி, அதுவும் அவர்கள் நினைத்தால் திரும்ப எடுக்கக்கூடியது. கலிஃபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் போட்டு, 2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: டிஜிட்டல் பொருளை விற்கும் இடத்தில் சும்மா "வாங்கு" என்று பொத்தான் வைக்கக்கூடாது, இது வெறும் உரிமம்தான் என்று தெரியும்படி சொல்ல வேண்டும். நம்மூரில் அந்தச் சட்டம் வந்தாலும் தப்பித்துக்கொள்வார்கள். தமிழில் கடனும் வாங்கலாம், அடியும் வாங்கலாம்.

நாகர்கோவிலில் வீடு தேடியவர்களுக்கு ஒத்தி தெரியும். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி பண்ணும்போது பணத்தை அப்படியே எண்ணி வாங்கிக்கொண்டு போகலாம். தோப்பைப் பாட்டத்துக்கு எடுத்தால் பணம் திரும்ப வராது, ஆனால் எத்தனை வருஷம் என்று முதலிலேயே பேச்சு, அதுவரை தேங்காய் நம்முடையது. நான் கொடுத்த பன்னிரண்டாயிரம் ஒத்தியும் இல்லை, பாட்டமும் இல்லை. இந்த மாதிரி ஒரு பேச்சுக்கு எங்கள் ஊரில் எந்த நில புரோக்கரும் ஒரு ஆளைச் சம்மதிக்க வைத்துவிட முடியாது.

இது எனக்கு மட்டும் நடந்த சங்கதி இல்லை என்று பிறகு தெரிந்தது. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31 அன்று அணைத்தது. தனியாக ஓட்டுவதற்கும் அந்தக் கேமுக்குச் சர்வர் வேண்டும், ஆகவே டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் கையில் மிஞ்சியது வட்டத் தட்டு. ராஸ் ஸ்காட் என்ற ஒரு யூடியூபர், கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று ஒரு இயக்கம் தொடங்கினார். 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து. அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விற்பனையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள், ஆனால் வாங்கியவன் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ. சோனியின் கான்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று அணைந்தது. அங்கே வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அது ஒத்தி மாதிரி. வீட்டைக் கட்டியவர்களுக்குத்தான் அக்டோபரில் வேலை போனது.

நின்டெண்டோ பக்தர்கள் இதற்குள் கையைத் தூக்கியிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். 2014 ஜனவரியில் வீ யூ என்ற கேம் கருவி விற்காமல் நஷ்டம் வந்தபோது, தலைவர் சடோரு இவாட்டா ஆட்களைக் குறைக்காமல் தன் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். அவர் படத்தைக் கொஞ்ச காலம் போனில் வால்பேப்பராகவே வைத்திருந்தேன். அதே நின்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று வீ யூ, 3டிஎஸ் என்ற இரண்டு கருவிகளின் இணையக் கடையையும் மூடியது. அங்கே மட்டுமே விற்ற கேம்களைப் புதிதாக ஒருவர் வாங்க வழியில்லை. 2025 ஜூனில் வந்த அவர்களுடைய ஸ்விட்ச் 2 கருவிக்குப் பல கேம்கள் சாவி கார்டாக வருகின்றன. கார்ட்ரிட்ஜ் வடிவம், பெட்டி, அட்டைப்படம் எல்லாம் உண்டு. உள்ளே கேம் கிடையாது, டவுன்லோடு பண்ண ஒரு சாவிதான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட், அது முழுக்கக் கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தது என்று சொன்னால் மருமகன் சிரிக்கிறான்.

கறுப்புப் பொட்டு

இந்த இடத்தில் ஜுபைல் பெட்டியைப் பரணில் இருந்து இறக்கி, தூசி தட்டி, மாட்டினேன், ஓடியது, கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறக்கினேன். ஓடவில்லை. செட்டிகுளம் பக்கம் பழைய டிவி பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். கார்ட்ரிட்ஜின் பின்களைப் பார்த்த உடனே, "ஊதி ஊதியே நாசமாக்கி வச்சிருக்கியளே தம்பி" என்றார். படம் வரவில்லை என்றால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி வாயால் ஊதி மாட்டுவது உலகம் முழுக்க எல்லாப் பையன்களும் செய்த வைத்தியம். ஊதுவதால் ஒன்றும் ஆகாது, கழற்றி மாட்டும்போது பின் சரியாகப் பதிவதுதான் மருந்து. ஊதிய எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். எங்களுக்கு எச்சிலோடு உப்புக்காற்றும் சேர்ந்தது. கடலில் இருந்து இருநூறு அடியில் முப்பது வருஷம். அவர் பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்துப் பச்சைக் களிம்பை எடுத்தார். அப்புறம் கருவியைத் திறந்தார். பலகையின் நடுவில் சில்லை மூடிக் கறுப்பாக ஒரு பொட்டு, தார் உருக்கி ஊற்றிய மாதிரி. "இதுக்குள்ள கை வைக்க முடியாது. பொட்டு போச்சுன்னா சாதனம் போச்சு" என்று ஸ்க்ரூக்களை ஒரு பொட்டலமாக மடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

ஆகவே பழையது அசையாது, புதியது மோசம் என்ற கதை எனக்கு வாய்க்கவில்லை. பெட்டியும் செத்தது, சர்வரும் செத்தது. வித்தியாசம் ஒன்றுதான். அந்த அண்ணனால் திறந்து பார்த்து, செத்தது என்று சொல்ல முடிந்தது. என் ஃபுட்பால் கேமைத் திறந்து பார்க்க எந்த அண்ணனிடம் போவது?

பெட்டி போனாலும் கான்ட்ரா போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யார் யாரோ திருடி, யார் யாரோ நகலெடுத்து, எத்தனையோ கார்ட்ரிட்ஜில், பழைய கருவி மாதிரி நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் இன்றும் கிடக்கிறது. பத்திரமாக வைத்திருக்க வேண்டியவர்கள் வைத்திருந்தது குறைவு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எழுதிய ஜோர்டான் மெக்னரிடமே பல வருஷம் அதன் மூல நிரல் இல்லை. 2012-இல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் பின்னால் கிடந்த பெட்டியில் இருந்து அந்த ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார். அந்தக் கேமுக்கு இசையமைத்தவரும் அவர்தான். நம்மூர் அம்மைமார் கண்ணில் அந்தப் பெட்டி பட்டிருந்தால் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறியிருக்கும்.

இதனால் திருட்டு சி.டி.தான் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓஸ்லோ பாக்கி அப்படியே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதான் சரி என்றும் இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. மருமகனிடம் இதைப் பேசினால், "அப்பம் என்னதான் செய்யணும்ணு சொல்லுங்க மாமா" என்கிறான். சாயா குடிக்கலாம் வா என்று கூட்டிப்போகிறேன்.

2025 செப்டம்பர் 29 அன்று இன்னொரு செய்தி. ரோட் ரேஷ் செய்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. வாங்குபவர்களில் முதல் பெயர் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதி. நான் ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். இருபது வருஷம் ஜுபைலில் பைப் பூட்டியவர், இப்போது மூட்டுவலியோடு திண்ணையில் இருக்கிறார். 5,500 கோடி டாலர் என்றால் எவ்வளவு என்று கேட்டார். ரூபாயில் சொன்னேன், அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. "எல்லாம் எண்ணெய்க் காசு இல்லியா? அப்பம் நம்ம வேர்வையும் ரெண்டு சொட்டு அதுல கிடக்கும்டே" என்றார். "நம்ம" என்று அவர் சொன்னது என் தொண்டையில் குத்தவில்லை.

அந்த கிறிஸ்மஸுக்கு மருமகன் ஆன்லைனில் ஒரு சீனக் கையடக்கக் கருவி வாங்கியிருந்தான். உள்ளங்கையில் அடங்கும். உள்ளே 20,000 கேம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து கான்ட்ராவை எடுத்துக் காட்டினான். கூட்டுக்காரனும் லீவில் வந்திருந்தான். மேல், மேல், கீழ், கீழ் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டோம். 2–1 பற்றி அவன் வாயெடுத்தான், நான் காதில் வாங்கவில்லை. மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இருபதாயிரமும் வேற வேற கேமா மக்கா?"

"பாதிக்கு மேல ஒண்ணுதான் தாத்தா. பேரை மாத்திப் போட்டிருக்கான்."

"அண்ணைக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு மாமா அதைக் கையில் வாங்கினார்.